ஆறு நாற்பதின் பாதை

குருமண்வெளித் துறையில் பாதை என்றால்
தெருவல்ல.
இரும்புத் தகடு, இரண்டு எஞ்சின்,
சைக்கிள்கள், ஒரு மீன்பெட்டி, பிறகு நான்.
வாவி நகரும், நான் நிற்பேன்.
நிற்கிற இந்தக் கொஞ்ச நேரத்தை
யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.
ஆனாலும் ஸ்கூட்டி இருக்கையில் விடைத்தாள்களை விரித்து
பத்து பி-யின் முக்கோணிகளுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஒருநாள் காற்று ஒரு தாளை எடுத்தது.
ஜதுர்சனின் தாள்.
அவனுடைய பதினெட்டுப் புள்ளி
மண்டூர்ப் பக்கமாக மிதந்து போனது.
பதிவேட்டில் நாற்பது போட்டேன்.
எப்படி வந்ததென்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.
எனக்கு உறுத்துகிறது என்று சொல்லத்தான் ஆசை.
உறுத்தவில்லை.

பதினோராவது வருசம்.
இடமாற்றம் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன்,
இரண்டுக்குப் பதில் இல்லை.
மூன்றாவது இன்னும் என் கைப்பையில்
மருந்துச் சிட்டைகளோடு மடிந்து கிடக்கிறது.

அக்கரையில் வேளாமை விளைந்துவிட்டது.
இரவெல்லாம் பரணில் இருந்து யானைக்கு வெடி கொளுத்தியவன்
முதலாம் பாடத்தில் மேசையில் முகம் வைத்துத் தூங்குகிறான்.
கரும்பலகையில் நிகழ்தகவு.
தட்டி எழுப்பிக் கேட்டேன்:
"இண்டைக்கு ராவு யானை வாறதுக்கு
என்ன நிகழ்தகவு, மேகவர்ணன்?"
கண்ணைக்கூடக் கசக்காமல் சொன்னான்:
"கதிர் முத்திட்டுது மிஸ். ஒண்டு."

நிச்சயமான நிகழ்ச்சிக்கு உதாரணமாக
நான் எழுதி வைத்திருந்தது
சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பதை.
அழித்துவிட்டு யானையை எழுதினேன்.

வியாழன் பெற்றார் கூட்டம்.
இங்கே இரண்டு மணிக்கு.
களுவாஞ்சிகுடியில் என் மகளின் வகுப்பிலும்
அதே இரண்டு மணிக்கு.
"நான் போறன்" என்றார் குகநேசன்.
போனார்.
பிழையான வகுப்பில் அரை மணி நேரம் இருந்தார்.
அங்கேயும் ஒரு கேதுஷா இருக்கிறாளாம்,
நன்றாகப் படிக்கிறாளாம்.
சந்தோஷமாக வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார்.

எங்கள் கேதுஷாவுக்குக் கணிதம் முப்பத்தொன்று.
அவளுடைய வகுப்பாசிரியை போனில் மெதுவாகச் சொன்னா,
வலிக்கக் கூடாதென்று:
"நீங்களும் கணிதந்தானே டீச்சர்,
வீட்டில கொஞ்சம் பாருங்களன்."

அப்போது என் முன்னால் கதிரையில்
மேகவர்ணனின் தாய்.
குதிக்காலில் காயாத வயல் சேறு.
போனை வைத்துவிட்டு
நானும் அதையேதான் சொன்னேன், அச்சுப் பிசகாமல்:
"வீட்டில கொஞ்சம் பாருங்க."

"எனக்கு எழுத்து விளங்காது மிஸ்.
அவன் படிக்கக்குள்ள பக்கத்தில இருப்பன்,
நுளம்பு அடிச்சிக்கிட்டு."

கையெழுத்து வாங்க நீட்டிய பேனையைத் திருப்பி எடுத்து
மைப்பெட்டியைத் தேடினேன்,
தேடுகிற சாட்டில் குனிந்திருந்தேன்.

இரவு.
கேதுஷா சமன்பாடு செய்கிறாள்.
சிவப்புப் பேனையை குசினியிலேயே விட்டுவிட்டு
பக்கத்தில் போய் இருந்தேன்.
"என்னம்மா?"
"ஒண்டுமில்ல. நீ செய்."
முதல் வரி சரி. இரண்டாவது சரி.
மூன்றாம் வரியில் சயவைச் சகவாக்கிவிட்டாள்.
விரல் நமைந்தது.
நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு நீட்டுகிற விரல்.
என் முழங்கையில் ஓங்கி ஓர் அடி போட்டேன்.
"என்னம்மா?"
"நுளம்பு."
"எங்க?"
"போயிட்டு."

ஐமிச்சமாகப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.
நான்காம் வரிக்குப் போகவில்லை.
பென்சிலின் வாலைக் கடித்தபடி
மூன்றாம் வரியிலேயே கொஞ்சம் நின்றாள்.

சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது.
நான் எழும்பவில்லை.