பணம் பெறப்பட்டது

தங்கச்சிமடம். மூடிப்போன ஐஸ் கம்பெனி.
வாசலில் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
மணிக்கட்டில் குத்தினான் ரெக்ஸன்:
கம்பெனியின் பழைய பில் முத்திரை,
‘பணம் பெறப்பட்டது’.

உள்ளே முப்பத்தேழு பேர். எண்ணினேன்.
பகலெல்லாம் நண்டுப் பெட்டி எண்ணுகிற பழக்கம்.
பேஸ் கிட்டார் மோதித் தகரக்கூரை அதிர
இருபது வருசத்துத் துரு
தலையில் உதிர்ந்தது.
அதற்கும் யாரோ விசில் அடித்தார்கள்.

மூன்றாம் பாட்டில் கரண்ட் போனது.
மைக் செத்தது. கிட்டார் கொசுவாய்ச் சிணுங்கியது.
டிரம்ஸ் இன்னாசி மட்டும் நிறுத்தவில்லை.
அந்த இருட்டில்
ஜெஸிந்தா வெறும் தொண்டையால் பாடினாள்,
பாறையில் உரசிக் கிழிந்த வலை மாதிரி.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
முன்னால் நகர்ந்து நின்றேன்.

நாலு மணிக்கு வல்லம் தள்ளுகிறவர்கள்
பாட்டின் நடுவிலேயே
செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள்.

காலை ஏலக்கூடம்.
காதுக்குள் இன்னும் சிம்பல்.
முந்நூற்று அறுபது என்று கத்தியதை
நானூற்று அறுபது என்று எழுதிவிட்டேன்.
‘செவிடா நீ?’ என்றார் முதலாளி.
கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டேன்.
வியர்வையில் ‘பணம்’ அழிந்துபோய்
‘பெறப்பட்டது’ மட்டும்
ஊதாவாய் இருந்தது.