மேற்கே போகும் ஆறு

காவேரிப்பட்டணம் டைல்ஸ் கடையில்
பில் போடுவது என் வேலை.
லோடு இறங்கும் நாளில்
உடைந்ததை எண்ணி எழுதுவதும் நான்தான்.
எழுதி முடித்ததும் அது யாருக்கும் சொந்தமில்லை.
"எடுத்துட்டுப் போம்மா, குப்பைக்குக் கொடுக்கிற கூலி மிச்சம்"
என்றார் முதலாளி.

இரண்டு மாதம், வயர்கூடையில்,
சோற்று டப்பாவுக்கு அடியில்
நீலம் வந்தது. குளியலறை நீலம்.
மாங்கூழ் நிறத்தில் ஒரு மஞ்சள் வந்தது.
பர்கூர் பட்டறைக் கருங்கல்
குறடுக்குக் கடிபடவில்லை.
கோணிக்குள் சுருட்டி, சுத்தியலால் ஒரு போடு.
கீழ் வீட்டு சாக்கம்மா படியேறி வந்து
"யாரை அடிக்கிற?" என்றாள்.

வாடகை வீடு.
ஆணி அடிக்கவே மாதப்பனுக்குப் போன் போட வேண்டும்.
அதனால் சுவரில் இல்லை, சிமெண்ட் பலகையில்.
வீடு மாறினால் கூடவே வரும்
குக்கர் மாதிரி, கேஸ் புத்தகம் மாதிரி.

வரைந்தது பெண்ணையாறு.
இடது ஓரம் அணை, ஷட்டர் திறந்தபடி.
வலது ஓரம் புங்கமரம்.
சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் மைதாப் பசை தடவி
பளபளக்கும் முகம் கீழே போக
ஒவ்வொரு சில்லாய்க் கவிழ்த்தேன்.
இப்படி ஒட்டினால்தான் மட்டம் கிடைக்கும் என்று
ஏசுராஜ் மேஸ்திரி சொல்லியிருந்தார்.
நீலத்தின் முதுகும் மஞ்சளின் முதுகும்
ஒரே செம்மண்.
எது தண்ணீர் எது மரம் என்று
வைத்த மறுநிமிடம் எனக்கே தெரியவில்லை.

வெள்ளையைக் கையில் எடுத்தபோது
லிகிதா கேட்டாள்: "மேகமா?"
நுரை.
கெலவரப்பள்ளியில் திறந்துவிட்டால்
ரோடு வரைக்கும் ஏறி நிற்குமே, அது.
"அழகா இருக்கிற மாதிரி வைம்மா."
கொஞ்சம் குறைத்தேன்.
முழுக்க எடுக்கவில்லை.

சனி இரவு பலகையில் பசை இழுத்து
நானும் அவளும் காகிதத்தோடு தூக்கிக் கவிழ்த்தோம்.
ஞாயிறு மதியம்
ஓசூரிலிருந்து வந்த அவள் அப்பா
கறிக்கு வெங்காயம் உரிப்பதை விட்டுவிட்டு வந்து நின்றார்.
ஸ்பாஞ்சால் நனைத்து நனைத்து
ஓரத்திலிருந்து உரித்தேன்.

அணை வலது பக்கம் இருந்தது.

யாரும் பேசவில்லை.
கடை முத்திரையில் எழுத்தெல்லாம்
இடம்வலம் மாறிக் கிடப்பதை
ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்க்கிறவள் நான்.
"ஆறு தப்பாப் போகுது," என்றாள் லிகிதா.
"போகட்டும்," என்றார் அவர்,
"தண்ணிக்கு எந்தப் பக்கம் போனா என்ன?"
அது தண்ணீர் விஷயத்தில் உண்மையில்லை.
இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் சந்து அடைத்தோம்.
சாம்பல் கிரவுட், ஒரு கிலோ பாக்கெட்.
ஷிப்டுக்கு எண்ணூறு பிரேக் தட்டு தொடுகிற கையால்
ரப்பர் தகட்டை இழுத்தார்.
"மெதுவா," என்றேன்.
மொத்த ஆறும் சாம்பலுக்குள் மூழ்கியது.
துடைக்கத் துடைக்க
முதலில் மஞ்சள் வந்தது,
பிறகு மரம்,
நீலம் மங்கலாக.
வெள்ளை மட்டும் கடைசிவரை
இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல்.

வடக்குச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம்.
ஆணிக்கு மாதப்பன் இன்னும் பதில் சொல்லவில்லை.
ஊரில் கிழக்கே போகிற ஆறு
எங்கள் வீட்டில் மேற்கே,
ஓசூர்ப் பக்கம் போகிறது.

திங்கள், நாலே முக்கால்.
லைட் போட்டால் பிள்ளை விழித்துக்கொள்வாள் என்று
இருட்டில் செருப்புத் தேடினார்.
பலகையில் கால் விரல் இடித்தது.
"ஆறு குறுக்க நிக்குது,"
என்று முனகிக்கொண்டே இறங்கினார்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

விடிந்து பார்த்தேன்.
அணைக்குக் கீழே ஒரு கருங்கல் சில்லு
பெயர்ந்து தரையில் கிடந்தது.
சாம்பலில் அதன் குழி, அச்சு அசலாக.
வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது.
ஒட்டவில்லை.
பில் புத்தகத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.
இதைக் கணக்கில் எழுத வேண்டியதில்லை.
பசை இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை வரட்டும்.