குறிப்புகள் ஏதேனும் இருப்பின்

சூரியன் மறைந்தபின் என்கிறது விதி.
மறைந்து இருபத்திரண்டு நிமிடம்.
காற்று மணிக்கு ஆறு கிலோமீட்டர். உரிமம் நடப்பில்.
கானஸ்டோகோ ஆற்றுக்கு இந்தப் பக்கம்
மென்னோ புரூபேக்கரின் பன்னிரண்டு ஏக்கர் பூசணி
ஒரு குற்றமும் இல்லாமல் படர்ந்து கிடந்தது.
கட்டம் கட்டமாக ஆம் போட்டுக்கொண்டு போனேன்.
பத்துவரை ஆம்.

எலெயுதேரியோ வயலோரம் குனிந்து
பூப் பறித்துக்கொண்டிருந்தான்,
மருந்து படுமுன், இரவுச் சாப்பாட்டுக்கு.
மே மாதம் மெக்சிகோவிலிருந்து வருபவன், அக்டோபரில் போய்விடுவான்.
ஒவ்வொரு பூவையும் காம்போடு கிள்ளி
காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் வாளியில் போட்டான்.

என்ன கேட்கிறாய் என்றேன்.
ஆள் இருக்கா என்று, என்றான்.

வாடிச் சுருண்ட ஒன்றை நீட்டினான்.
பிழிந்த துணியைப் பிரிப்பதுபோல் பிரித்தேன்.
உள்ளே மூன்று தேனீக்கள், ஆண்கள்,
முதுகெல்லாம் மகரந்தம் அப்பி
ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கின.
பெண்கள் கொடிக்கடியில் மண் தோண்டிக் குடியிருக்கும்.
இவற்றுக்கு
அன்றன்று மூடிக்கொள்கிற பூதான்.

விதியை எழுதியவர்களை எனக்குத் தெரியும். நல்லவர்கள்.
ஒட்டாவாவில் அந்த மேசையின் ஓரத்தில் நானும் இருந்தேன்,
காபி ஆறி ஏடு படிய.
பெட்டித் தேனீயை மனதில் வைத்து எழுதினோம்:
இருட்டினால் வீடு திரும்பும்,
திரும்பியபின் அடித்துக்கொள்ளட்டும்.
எந்த வீடு என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.

மென்னோ டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.
தொப்பியைக் கழற்றி, பூவுக்குள் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
வண்டு என் கொடியைத் தின்கிறது, என்றார்.
பொய்யில்லை. இலைகள் சல்லடை.
அடிக்கக்கூடாது என்கிறீர்களா?
அப்படிச் சொல்ல எனக்குச் சட்டத்தில் வாயில்லை.
அப்படியானால் எப்போது?
காலையில் பூ திறந்திருக்கும், எல்லாம் வரும்.
இரவில் இவை.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்,
அதற்குத் தெரியும் என்பதுபோல.

பதினோராம் கட்டம் கடைசி:
குறிப்புகள் ஏதேனும் இருப்பின்.
இரண்டு விரற்கடை இடம்.
தூங்குகின்றன என்று எழுதினேன்.
மேலே பேனா ஓடவில்லை.

எலெயுதேரியோ அந்தப் பூவை வாங்கி
இதழ் முனைகளைத் திருகி மூடி
கொடியிலேயே, இலைக்கடியில் வைத்தான்.
வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு
எடுத்துத் தன் தொப்பியில் போட்டுக்கொண்டான்.
பன்னிரண்டு ஏக்கரில் ஒன்று.

மென்னோ இன்னும் வண்டியைக் கிளப்பவில்லை.
தொட்டியில் கலந்த மருந்தை
விடியுமுன் தீர்த்தாக வேண்டும்.
அது நான்காம் கட்டம்.
அதற்கும் ஆம் போட்டிருக்கிறேன்.