நான்காம் மேஜை

சொஹார் நகராட்சியின் இரண்டாம் மாடியில்
மூன்று நாள் பயிற்சி.
கொள்கை எழுதுவது எப்படி என்று
கொள்கை எழுதுகிறவர்களுக்கு.
நான் எழுதுகிறவன் இல்லை.
வரைபடம் திறக்க, பெரிதாக்க, மூட
நான்காம் மேஜைக்குத் தந்த ஆள்.
கழுத்தில் தொங்கிய அட்டையில்
'தொழில்நுட்ப உதவி' என்றிருந்தது.
பெயருக்கு இடம் விடவில்லை.

ஏசி பதினெட்டில்.
ஷம்ஸா அபாயாவின் மேல் சால்வை போர்த்தியிருந்தாள்.
ஹிலால் போதும் என்று கோப்பையை ஆட்ட மறந்து
ஐந்தாவது கஹ்வாவில் இருந்தார்.
மனைப்பிரிவு யூனுஸ்
பேரீச்சங்கொட்டைகளைத் தட்டில்
சாலைச் சந்திப்பு போல அடுக்கிக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் தெய்சீர், அம்மான்காரர்.
முதல் நாள் முழுக்க
வினைச்சொல்லைத்தான் பிரித்துப் போட்டார்.
யஜிப் என்றால் கட்டாயம்.
யன்பகீ என்றால் செய்தால் நல்லது.
யஜூஸ் என்றால் செய்யலாம்,
செய்யாவிட்டால் கேட்க ஆளில்லை.
'பொருத்தமான இடங்களில்' என்ற தொடரைச்
சிவப்பில் அடித்துவிட்டு,
"இந்த ஓட்டை வழியாக லாரியே போகும்" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
எல்லோரும் அதை எழுதியவர்கள்.

எனக்கு மட்டும் ஒரு சங்கடம்.
என் மொழியில் கட்டாயத்துக்கும் வேண்டும்,
ஆசைக்கும் வேண்டும்.
விதி போடுகிறவனும்
தண்ணீர் கேட்கிறவனும்
ஒரே சொல்லைத்தான் எடுக்கிறார்கள்.
இதை யாரிடம் சொல்ல,
நான் மவுஸ் பிடிக்க வந்தவன்.

மூன்றாம் நாள் செய்முறை.
தொழிற்பேட்டைச் சாலை, பேருந்து நிறுத்தம்,
நிழற்கூரைக்கு ஒரு வாக்கியம் எழுதுக.
"அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள்?"
கணக்கு இல்லை, என்றார் யூனுஸ்.
யார் பஸ்ஸில் போகிறார்கள், என்றார் ஹிலால்,
நிஜமாகவே தெரியாமல்.
வான்படத்தைத் திறக்கச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது.
மணல். தார். ஒரு விளக்குக் கம்பம்.
மேற்கே நீண்டு கிடக்கும் அதன் நிழல்.
"நிழல் ஏன் கரும்பு மாதிரி
கணுக்கணுவாக இருக்கிறது?" என்றாள் ஷம்ஸா.
படத்தில் தூசு, துடைத்துவிடலாம், என்றார் தெய்சீர்.

துடைப்பதுதான் என் வேலை.
நாலு வருடமாகப் புள்ளி, கறை, கலங்கல்
எல்லாவற்றையும் துடைத்து
மேலே அனுப்புகிறேன்.
கை தானாகப் போனது.
போன கை
பெரிதாக்கும் பொத்தானில் நின்றது.

கணு ஒவ்வொன்றும் தோள்.
ஏழு பேர்.
கம்பத்து நிழலின் அகலம் ஒரு முகம்,
அதற்குள் முகத்தை வைத்து
ஒருவன் பின் ஒருவன்,
முன்னவன் பிடரியைப் பார்த்தபடி.
தோள்கள் இருபக்கமும் வெயிலில்.
ஏழாவது ஆளுக்கு நிழல் எட்டவில்லை,
ஆனாலும் வரிசையில் நிற்கிறான்.

நான் வெள்ளிதோறும் அதே பஸ்ஸில்தான்
சந்தைக்குப் போகிறேன்.
நாலாவது ஆள் நானாக இருக்கலாம்.
யஜூஸ்.

யாரும் பேசவில்லை.
யூனுஸ் கொட்டைகளை ஒரு கையால் கலைத்தார்.
ஷம்ஸா எழுதினாள்: நிறுத்தம்தோறும் நிழற்கூரை,
அப்புறம் வினைச்சொல்லுக்கு முன்னால்
பேனா நின்றது.
யஜிப், என்று எழுதினாள்.
பட்ஜெட், என்றார் ஹிலால்.
'பொருத்தமான' என்று தொடங்கி
அவரே நிறுத்திக்கொண்டார்.
அதற்குள் நேரம் முடிந்து மணி அடித்தது.
ஐந்தாம் மேஜைக்குப் பரிசு,
வாகன நிறுத்தம் பற்றி எழுதியதற்கு.

குழுப்படம் எடுத்தது நான்.
எல்லோரும் நன்றாக விழுந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரைவு வந்தது, பதிவேற்ற.
யஜிப் இருந்த இடத்தில்
மஞ்சள் பட்டை: பரிசீலனையில்.
கீழே எனக்கொரு வரி,
படத்தைச் சுத்தம் செய்து இணைக்கவும்.

சுத்தம் செய்தேன்.
ஒரு காகிதப் பை, எண்ணெய்க் கறை,
விமானத்தின் சொந்த நிழல்கூடப் போனது.
கம்பத்தருகே போகவில்லை.
ஏழு கணுவோடு
மேலே அனுப்பினேன்.