முக்கால் டாங்க்

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி, அதிகாலை ஒன்றே கால்.
அதிகாரி குனிந்து முள்ளைப் பார்க்கிறார்.
முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல்
இந்தத் தீவைவிட்டுக் கார் வெளியேற முடியாது.
வேறு எது தீர்ந்திருந்தாலும் கேட்கமாட்டார்கள்.

பின்சீட் கழற்றிய இடத்தில்
நான்கு டயர், ஜாக், ஐஸ் பெட்டி,
துண்டில் சுற்றிய ஹெல்மெட்.
"எங்கே?"
"செபாங்."
"ரேஸா? யார் ஓட்டுவது?"
பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு
"நான்தான்" என்றேன்.

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவள்.
தோ பாயோவிலிருந்து பீஷான்வரை
எண்பத்தாறு தூக்கிகள் என் பொறுப்பு.
நொடிக்கு ஒரு மீட்டர் ஏறும், ஒரு மீட்டர் இறங்கும்.
ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சக்கரம் உண்டு.
வேகம் மிஞ்சினால் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும்.
அது கவ்வுகிறதா என்று பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

அந்தச் சம்பளம் காக்கி புக்கிட் பட்டறைக்குப் போகிறது.
கியாட் வெங் பில் எழுதுவதில்லை.
பின்கண்ணாடித் தூசியில் விரலால் ஒரு தொகை எழுதுவான்,
நான் பார்த்ததும் உள்ளங்கையால் துடைத்துவிடுவான்.
அடுத்த மாதம் வெயிலில் நிறுத்தினால்
பழைய எண்கள் மங்கலாய் எழும்பும்.

என் கணவர் துரைசிங்கத்துக்கு வேறு கணக்கு.
ஒரு செட் டயர் என்றால் ஒரு குளிர்பதனப் பெட்டி.
எங்கள் பழைய பெட்டி இரவெல்லாம் இருமுகிறது.
குளியலறைத் தரை, பல் மருத்துவர்,
கோலாலம்பூரில் தங்கையின் நிச்சயதார்த்தம்
(அன்றைக்குத் தகுதிச் சுற்று)
எல்லாம் அந்த ஓடுபாதையில்
கறுப்பு ரப்பராய் ஒட்டிக் கிடக்கின்றன.
பதினான்கு மாதத்தில் சிஓஇ முடியும்.
அதன்பின் இது கார் இல்லை, இரும்பு.

பன்னிரண்டு சுற்று.
கூண்டுக்குள் வெயில் மூடிபோட்டு வெந்தது.
கையுறைக்குள் விரல்கள் ஊறிப்போயின.

எட்டாவது சுற்றில், பதினான்காம் வளைவு.
பிரேக்கை விட்டது காலா, நானா, தெரியாது.
கார் தன் பாரத்தை இடது முன்சக்கரத்தில் சாய்த்து
மடியில் இடம் பார்க்கும் பூனைபோல
ஒரு கணம் யோசித்து
அமர்ந்தது.
அவ்வளவுதான்.
யாரும் பார்க்கவில்லை. கடிகாரம் பார்த்தது.
இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு புள்ளி ஒன்று.
என் வாழ்நாள் கணக்கில் பத்தில் நான்கு நொடி குறைவு.
கண் ஒருமுறை மூடித் திறக்கும் நேரம்.
அதை வெள்ளியால் வகுத்துப் பார்க்க
துரைசிங்கத்தை விடமாட்டேன்.

ஒன்பதாவது சுற்றில் அதையே இன்னொருமுறை கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
வால் முந்திக்கொண்டது. வானம், பலகை, வானம்.
பிறகு சரளைக்கற்கள்
தகரத்தில் மழையாய்க் கொட்டின.
எஞ்சின் அணையவில்லை.
முதல் கியரில், முனகி முனகி,
எப்படியோ தார் தொட்டேன்.

"ஜெயிச்சியாம்மா?" என்றாள் தாரிகா.
"பதினேழாவது."
"எத்தனை பேருல?"
"பத்தொம்பது."
"அப்ப ரெண்டு பேரைத் தோக்கடிச்சிட்ட."
"இல்ல, அவங்க வண்டி நின்னுபோச்சு."
அவள் கொஞ்சம் யோசித்து,
"நீ நிக்கலல்ல?" என்று சொல்லிவிட்டு
சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டாள்.
துரைசிங்கம் எதுவும் சொல்லவில்லை.
என் கழுத்துக்குத் தைலம் எடுத்துவரப் போனார்.
போகிற வழியில்
குளிர்பதனப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

திங்கள் காலை, புளோக் நூற்று எழுபத்தெட்டு.
தூக்கிக் கூண்டின் கூரைமேல் நின்று
ஸ்பேனர் எடுக்கப் பையைக் கவிழ்த்தபோது
ஒரு சரளைக்கல்
விளிம்பில் உருண்டு இருட்டுக்குள் விழுந்தது.
பன்னிரண்டு மாடி.
என்னை அறியாமல் எண்ணினேன்.
இரண்டரை நொடி. டக்.

வேகச்சக்கரத்தைச் சோதித்தேன், கவ்வியது.
படிவத்தில் சரி போட்டேன்.
பிறகு அடித்தளக் குழிக்குள் ஏணிவைத்து இறங்கி
டார்ச் வெளிச்சத்தில்,
சிகரெட் துண்டுகளுக்கும்
யாரோ தொலைத்த சாவிக்கும் நடுவே தேடி
அந்தக் கல்லை எடுத்து
மறுபடியும் பைக்குள் போட்டேன்.