மிதி, விடு

நேற்று லாஸ்ட் டிரெயில் கணவாயில்
பஸர் அலறத் தொடங்கியதும்
வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன்.
"வயர் கோளாறு, ஐடெல்லா, வெறும் வயர்" என்றான் ஓர்வல்.
கடைசி இரண்டு மைலும் சாலையோரம் நடந்தேன்.
முதல் கியரில் பின்னாலேயே வந்தான்
நான்கு விளக்கையும் சிமிட்டிக்கொண்டு.
பிரேக் பிடிக்காத பஸ்ஸுக்கு முன்னால் நடப்பவள்
அப்படி என்ன புத்திசாலி
என்று அடிவாரத்தில்தான் உறைத்தது.

இரவு ஆளுக்கொரு டப்பா பீன்ஸ்.
வாய் திறக்கவில்லை.

காலை. கிப்பன்ஸ்வில் தாண்டி ஒரு சரளை மைதானம்.
சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து
அட்டை விரித்து மல்லாந்து உள்ளே போகிறேன்.
இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்,
அதுதான் இதில் தொல்லை.
ஒருவர் பெடலில்,
ஒருவர் கீழே, சாக்கட்டியும் அளவுகோலுமாக.

முதலில் காற்றுத்தொட்டியின் திருகைத் திறந்தேன்.
துருவும் எண்ணெயும் கலந்த தண்ணீர், அரை வாளி.
வாரம் ஒருமுறை வடிப்பது அவன் பொறுப்பு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாளியை மட்டும் படிக்கட்டில் வைத்தேன்
அவன் இறங்கினால் கால் படுகிற இடத்தில்.

மிதி.
தண்டு வெளியே வருகிறது. கோடு போடுகிறேன்.
விடு.
முன் இடது, ஒன்றரை அங்குலம்.
மிதி. விடு.
முன் வலது, அதற்கு ஒரு நூல் கூட.
மிதி.
பின் வலது, இரண்டரை.
மறுபடி மிதி.
இரண்டரையேதான்.

நாற்பத்தொரு வருடத்தில்
நான் சொன்ன மாத்திரத்தில் அவன் செய்தது
இந்த இரண்டு வார்த்தைகளைத்தான்.

போல்சனில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
நிறுத்தி வைத்த வண்டியைப் பிடித்திருப்பது காற்றல்ல, வில்.
ஓட வேண்டுமென்றால்
காற்று அந்த வில்லை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்,
நாள் முழுக்க, ஏற்றத்திலும் இறக்கத்திலும்.
காற்று போனால்
வில் தன் குணத்தைக் காட்டும்.

ஸ்பானரால் இறுகும்வரை திருகினேன்.
பிறகு அரைச் சுற்று பின்னால்.
அந்த அரைச் சுற்றை விட்டுக்கொடுக்காவிட்டால்
டிரம் வெந்து புகையும்.

பாத்திரம் கழுவும் சோப்பை நுரைத்து
பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனதில்
ஒரு ரப்பர் குழாயின் கழுத்தில்
தவளைத் தொண்டை மாதிரி புடைத்தது குமிழி.
மாற்றுக் குழாய் என் தையல் பெட்டிக்கு அடியில் இருந்தது.
மிசௌலாவில் நான் வாங்கியது.
வீண் செலவு என்று அவன் சொன்னது.

மதியம் என்ஜினை ஓட்டி
நூற்றிருபது வரை ஏற்றி நிறுத்தினோம்.
கைக்கடிகாரத்தை நம்பாமல்
முட்டை வேகவைக்கும் மணியைத் தேடி எடுத்து வந்தான்.
ஒரு நிமிடம் பார்த்தால் போதும் என்கிறது கையேடு.
பதினோரு நிமிடம் பார்த்தோம்
பக்கத்தில் பக்கத்தில், முள்ளை.

"வயர் இல்லை" என்றான்.
"இல்லை" என்றேன்.
வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் கலீனா உச்சி.
ஓட்டியது நான்.
இறக்கம் தொடங்குமுன் ஓரங்கட்டச் சொன்னான்.
இறங்கினான், ஷூ கயிற்றை இறுக்கினான்,
சாலையோரம் கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினான்.
"நம்பிக்கையில்லையா?" ஜன்னல் வழியே கத்தினேன்.
"கால் மரத்துப்போச்சு."

முதல் கியர். நான்கு விளக்கு.
தொட்டுத் தொட்டு விடுகிறேன்,
புஸ்… புஸ்…
அவன் ஒருமுறையும் திரும்பவில்லை.

இந்த பஸ்ஸின் நெற்றியில்
ஊர்ப்பெயர்ச் சுருளைச் சுற்றும் கைப்பிடி
நாங்கள் வாங்கும்போதே உடைந்திருந்தது.
எங்கே போனாலும் அதில் ஸ்போக்கேன்தான்.
எதிரே வந்த மரலாரிக்காரன்
அதைப் படித்து, அவனைப் பார்த்து, என்னைப் பார்த்து,
கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினான்:
அந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம்.