லோரிதான் மேடை

தீபாவளிக்கு முந்திய வெள்ளி.
மதியம்வரை செம்பனைக் குலை ஏற்றிய லோரியை
அடித்துக் கழுவி, கம்பளம் விரித்து
சிலிம் ரிவர் திடலில் நிறுத்தினேன்.
எண்ணெய் வாடை மட்டும் இறங்கவில்லை.

கோலாலம்பூர்ப் பாடகர்
தஞ்சோங் மாலிம் நெரிசலில் கிடந்தார்.
பதினொன்றோடு சரி என்றது பெர்மிட்.
மழை வேறு.

ஜெனரேட்டர் இருமி இருமி அடங்கியதும்
பிசாங் கோரேங் கடை யோகமலர்
சல்லடைக் கரண்டியை வைத்துவிட்டு
மைக் இல்லாமலே ஆரம்பித்தாள்.
பின்வரிசைப் பையன்கள்
கைப்பேசி வெளிச்சம் பிடித்தார்கள்.
பாட்டுக்கா, காலடிச் சேற்றுக்கா, தெரியாது.

பாடகர் வந்தபோது
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.
முழுப் பணமும் கேட்டார்.

விடியற்காலை ஐந்துக்கு லோரியை எடுத்தேன்.
முதல் குலையின் முள்ளில் மாட்டி
ஜிகினாத்தாள் ஒன்று
மில்லுக்குப் போனது.